கெஞ்சுகிற இடம்

மாரிசெல்விக்குக் கோபம் வந்தால் தாராவி கிராஸ் ரோட்டுச் சந்தில் பாதிப் பேருக்கு நேராகக் கேட்கும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். குழாயடியில் முறை தவறிக் குடம் வைத்தவளை விடமாட்டாள். லோக்கல் ரயிலில் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடிக்கிறவளை விடமாட்டாள். அவள் வேலை பார்க்கிற கார்மெண்ட் யூனிட்டில் கோணல் தையலை நேர் தையல் என்று சாதிக்கிற டெய்லரை விடவே மாட்டாள். அங்கே அவள் செக்கர். சட்டையைத் திருப்பிப் போட்டு, தையலை விரலால் தடவிப் பார்த்து, மனசுக்கு ஒப்பவில்லையென்றால் தைத்தவன் மடியிலேயே வீசுவாள். முதலாளி இனாயத்துல்லாவே, "மாரி மேடம் கா மூட் கைசா ஹை?" என்று அவள் மனநிலையை வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் மாரீஸ்வரன். செம்பூர்ப் பக்கம் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நல்லவன், குடி கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்தது மாதிரி இருப்பான். குழம்பு எப்படி என்றால் "ம்" என்பான். உப்பு ஜாஸ்தியா என்றால் "ம்ஹூம்". கல்யாணமான புதிதில் மாரிசெல்வி அம்மா வீட்டுக்குப் போய்க் கத்தினாள்: "ஒரு செவுத்தக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட ஆணி அடிச்சு சட்ட மாட்டியிருப்பேன். இந்த மனுசன் எதுக்கும்மா எனக்கு?"

பேசாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் இங்கேயிருந்து நூறு வயசு சொல்லலாம், அப்படி ஒட்டிக்கிடக்கிற அறை. அதில் ஆம்ப்ளிஃபயர் வைக்க ஏது வழி? வெறும் கம்பியைத் தடவுவான். சுண்டெலி தகரத்தைப் பிராண்டுகிற மாதிரி கிணுகிணுவென்று ஒரு சத்தம் வரும். கேட்டால், மெட்டல் பாண்டு ஒன்றில் லீட் கிட்டார் வாசிக்கிறானாம். அவளுக்குத் தெரிந்த மெட்டல் அவன் டூல் பையில் கிடந்த ஸ்பானர்தான்.

ஆறேழு மாசம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் கோபர்கைரனேயில் அவளுடைய அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். உன் வீட்டுக்காரர் எங்கே, வீட்டுக்காரர் எங்கே என்று வருகிறவர்கள் எல்லாம் அவளைக் கேட்கிறார்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. செம்பூரில் ஒரு ஹாலில் அன்றைக்குத்தான் அவன் பாண்டுக்கு ப்ரோகிராம் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கட்டிய பட்டுப்புடவையோடு, தலை நிறைய மல்லிகைப்பூவோடு வண்டி ஏறி, வாஷியில் மாறி, செம்பூரில் இறங்கினாள். மேடையிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதாகத்தான் ஏற்பாடு.

ஹாலுக்குள் முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட். பையன்களும் பெண்களும் கழுத்து கழன்று விழுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவன் மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தான். மாரிசெல்வி முழங்கையால் இடித்து இடித்து முன்வரிசைக்குப் போய், "யோவ்!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அப்போது உறுமல் நின்றது. மாரீஸ்வரன் ஓர் எட்டு முன்னால் வந்தான்.

முதலில் ஒரே ஒரு சுரம். அதை அவசரமில்லாமல் பிடித்து நிறுத்தினான். பிறகு விரலால் கம்பியை மெல்ல மேலே நெட்டினான். சுரம் ஏறியது, ஏறியது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்றது. சேரவில்லை. இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே வாசிக்கவில்லை, டிரம் மட்டும். மறுபடி ஏறியது, மறுபடி அங்கேயே தயங்கியது. மாரிசெல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஏறு, ஏறித் தொலையேன்" என்று முணுமுணுத்தாள். அடுத்த தடவை ஏறிவிட்டது. ஏறிய இடத்தில் நின்று நடுங்கியது. குரல் உடைந்த மனுஷன் ஒருவன், "நான் சொல்றதக் கொஞ்சம் கேளேன்" என்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடி வந்தது பாருங்கள் கோபம், அப்படியொரு கோபம் அதுவரை வந்ததில்லை. அடப்பாவி! இவ்வளவு பேச்சை உள்ளே வைத்துக்கொண்டா என்னிடம் "ம்"மும் "ம்ஹூம்"மும் சொல்லித் திரிந்தான்! முன்பின் தெரியாத கறுப்புச் சட்டைக்காரர்களிடம் நெஞ்சைத் திறந்து கொட்டுகிறான், கட்டினவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா! ப்ரோகிராம் முடிந்து வெளியே வந்தவனை ஸ்டேஷன் வரை திட்டிக்கொண்டே வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் திட்டினாள். குர்லா தாண்டியதும், "அடுத்த ப்ரோகிராம் எப்ப?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ப்ரோகிராமைக்கூட விடவில்லை. தாணேயில் வைத்தார்களா, போவாள். அம்பர்நாத்தில் ஏதோ காலேஜ் விழாவா, அங்கேயும் போவாள். மற்ற பாண்டுகளின் கிட்டார்காரர்களையும் கேட்டாள், கோணல் தையலைப் பார்க்கிற அதே முகத்தோடு. "என்ன இந்த ஓட்டம் ஓடுதான்? விரார் ஃபாஸ்ட் ட்ரெயின் புடிக்கணுமா இவனுக்கு?" என்று பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்பாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, சிரித்துவைப்பான். வேகம், வேகம், ஒரே வேகம். ஒரு சுரமாவது மனசில் உட்கார வேண்டாமா? மாரீஸ்வரனுக்கும் வேகம் வரும். ஆனால் அவன் ஓடும்போதும் சொல் சொல்லாகக் கேட்கும். வாயால் பாடிப் பார்க்கக்கூடிய மெட்டாக ஒன்றை முதலில் வைப்பான், மூச்சுவிட இடம் கொடுப்பான், பிறகுதான் கிளம்புவான். அவன் கிட்டார் மட்டும் தனியாகப் பேசுகிற சோலோக்களை அவள் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பாள். மெட்டல் பாட்டு சோலோவை ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுக்கிறாள் என்றால் வாசிக்கிறவன் சாமானியப்பட்டவனா? இதைச் சொன்னால் சந்தில் சிரித்தார்கள். அதற்கும் கோபம் வந்தது.

எல்லாவற்றிலும் பெரியது ப்ரோகிராமில் கடைசியாக வைக்கிற பாட்டின் சோலோ. அந்தச் சின்ன அறையில், கிணுகிணுவென்ற அந்தச் சத்தத்திலேயே, மாசக்கணக்கில் அவன் கட்டியது. இழைத்து இழைத்து அவன் சேர்த்ததும், பிடிக்காமல் எடுத்துப் போட்டதும் அவளுக்குத் தெரியும். அதை அவள் மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தாள். முதலில் கெஞ்சுகிற இடம். அடுத்தது சண்டை போடுகிற இடம். முடிவில், சரி போ என்று விடுகிற இடம். அவனிடம் சொன்னபோது சிரித்தான். அடுத்த ப்ரோகிராமில் டிரம்மரிடம் அவன், "கெஞ்சுற இடத்துல மெதுவா அடி" என்று சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை.

அந்த சோலோவைத்தான் வெட்டினார்கள்.

பாண்டின் பெயர் 'சிக்னல் ஃபெயில்'. உறுமிப் பாடுகிறவன் கிருஷ்ணா, பாண்டும் அவன் தொடங்கியதுதான். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். மாரீஸ்வரனும் அவனும் செம்பூர் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். மாரீஸ்வரன் முதன்முதலில் தொட்ட கிட்டாரே கிருஷ்ணாவுடையது. இப்போது இருவருக்கும் நாற்பதை ஒட்டி வயசு. இத்தனை வருஷம் கழித்து அந்தேரியில் ஒரு ம்யூசிக் கம்பெனிக்காரன் இவர்கள் ஆல்பத்தை வெளியிட முன்வந்தான். ரெக்கார்டிங்கும் முடிந்தது. அப்புறம் ஒரு நாள் மாரீஸ்வரன் வீட்டுக்கு வந்து கிட்டாரை மடியில் எடுக்காமல் ஆணியிலேயே மாட்டிவைத்தான்.

"முன்னால உள்ளதும் பின்னால உள்ளதும் எடுத்துட்டாவ" என்றான்.

"எத?"

"சோலோவ. நடுவுல வேகமா போற இடம் மட்டும் போதுமாம்."

"நீங்க என்ன சொன்னீய?"

"ஒண்ணும் சொல்லல."

கையிலிருந்த கரண்டி சுவரில் போய் விழுந்தது. "ஒண்ணும் சொல்லலயா! ஒரு மனுசன் தலையையும் காலையும் வெட்டிட்டு நடுமுண்டத்த மட்டும் குடுத்திருக்கான், நீங்க ஒண்ணும் சொல்லாம ஷூவ மாட்டிக்கிட்டு வந்தீயளா!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே மாட்டுங்காவுக்குக் கிளம்பினாள். கிருஷ்ணாவின் அம்மா ஷ்யாமளா கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ, காபி சாப்பிடறேளா?" என்றார். "சண்ட போட வந்திருக்கேன் மாமி, காபியெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மாமி அதைக் காதில் வாங்காத மாதிரி டவராவைக் கொண்டுவந்து வைத்தார். காபி நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் காபி நன்றாக இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"கோவிச்சுக்கப்படாது" என்று ஆரம்பித்தான் கிருஷ்ணா. "அந்த ஸோலோ கேட்டா எனக்கே தொண்டைய அடைக்கும். ஆனா இப்ப யாரு உக்காந்து கேக்கறா சொல்லுங்கோ? போன்ல கட்டைவிரல் நிக்கணும். மெதுவா ஆரம்பிச்சா தள்ளிண்டு போயிடுவா. வேகமா போற இடத்துலதான் நிப்பான்னு கம்பெனிக்காரன் சொல்றான்."

"கெஞ்சாம கொள்ளாம எடுத்த எடுப்புல சண்ட போட்டா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? ரவுடித்தனம்! மொதல்ல கெஞ்சி, அதுக்கப்புறம் பொறுக்க முடியாமத்தான சண்டைக்கு வருது. அத எடுத்துட்டா அவரு எதுக்குச் சண்ட போடுதாருன்னு கேக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

கிருஷ்ணாவுக்குப் புரிந்தது, புரிந்தது அவன் முகத்தில் தெரிந்ததால்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. புரியாதவனை மன்னிக்கலாம்.

"எனக்கு இதுதான் கடைசி சான்ஸ், மாரி" என்றான். "ஆஃபீஸ்ல என்னைவிடச் சின்னவாள்ளாம் மேல போயிட்டா. இந்த ஒண்ணுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டேன். மாரீஸே ஓகே சொல்லிட்டானே."

"அவரு ஓகேன்னு சொன்னாரா, ஒண்ணும் சொல்லலயா?"

மாரிசெல்வி எழுந்து, மாமியிடம் மட்டும் "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இது நடந்து கொஞ்ச நாளில் சந்தில் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் இருக்கிற சந்தில் கொடை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை: கரும்பும் வாழையும் கட்டி, ஊரிலிருந்து நையாண்டி மேளம் வரவழைப்பார்கள்; இரண்டு நாளும் மேளச் சத்தத்தில் யார் வீட்டிலும் டிவி சத்தம் கேட்காது. கமிட்டித் தலைவர் வேல்ராஜ், மாரிசெல்வியின் சித்தப்பா. கடைசி நாள் சாயங்காலக் கச்சேரிக்குப் பேசி வைத்திருந்த ஆர்கெஸ்ட்ரா, பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று காலைவாரிவிட்டது. வேல்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு பாண்டு இருக்குல்லா சித்தப்பா" என்றாள் மாரிசெல்வி.

"அது ஒரே சத்தமால்லா இருக்கும்?"

"மேளம் மட்டும் தாலாட்டா பாடுது?"

கிருஷ்ணா வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். உடனே ஒத்துக்கொண்டான். ஏனென்று பிறகுதான் தெரிந்தது. பாண்டு வண்டிக்குப் பின்னால் கம்பெனிக்காரன் அனுப்பிய கேமராக்காரர்களும் வந்து இறங்கினார்கள். வெட்டிச் சுருக்கிய அந்தப் பாட்டுக்குத் தாராவிச் சந்தில் வீடியோ எடுக்கிறார்களாம். "இந்த இடத்துக்கு ஒரு லுக் இருக்கு" என்று ஒருவன் இந்தியில் சொல்லிக்கொண்டே சாக்கடை மூடியைப் படம் எடுத்தான். "நாங்க குடியிருக்கிற எடம் ஒனக்கு லுக்கா?" என்று மாரிசெல்வி அவனைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் விரதம், வெறும் வயிறு, விடிந்ததிலிருந்து பொங்கல் பானையோடு வெயிலில் நின்றவள். அவளை யாரும் சீண்டியிருக்கக் கூடாது.

கச்சேரி வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தது. கிருஷ்ணா உறுமத் தொடங்கியதும் பெண்கள் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பேராச்சி, "ஏளா, அந்தப் புள்ளைக்கு யாராச்சும் தண்ணி குடுங்களேன்" என்றாள். குழந்தைகள் குதித்தார்கள். நையாண்டி மேளக்காரர்கள் ஓரமாக நின்று டிரம்மரின் கையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பாட்டு போனதும் கூட்டத்துக்குப் பழகிவிட்டது. பிறகு கேமராக்காரர்கள் மேடைக்கு முன்னால் நெருங்கினார்கள். அந்தப் பாட்டு வந்தது.

சோலோ வரும் இடத்தில் கிருஷ்ணா கையைக் காட்டினான். மாரீஸ்வரன் ஓர் எட்டு முன்னால் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, எடுத்த எடுப்பில் நடுவிலிருந்து, வேகமான இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

மாரிசெல்விக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கிருஷ்ணா வெட்டினான், கம்பெனிக்காரன் வெட்டினான், அதெல்லாம் கிடக்கட்டும். இந்த மனுஷன் தன் தொண்டையைத் தானே அறுத்துக்கொண்டு நிற்கிறானே! தன் சந்தில், தன் சாமிக்கு முன்னால், தன் ஜனங்களுக்கு முன்னால்கூட முழுசாக ஒரு தடவை சொல்லமாட்டானா! பெண்கள் வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் முடி. மேடைக்குக் கீழே நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"ஏலே! மொதல்லேருந்து வாசிலே! எனக்கு முழுசா வேணும்! முழுசா வேணும்லே எனக்கு!"

பாண்டு அப்படியே நின்றுவிட்டது. கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் 'ஏலே' என்று கூப்பிடுகிற பெண்பிள்ளை அந்தச் சந்தில் பிறக்கவில்லை. மாரிசெல்விகூட எவ்வளவு கோபத்திலும் அப்படிக் கூப்பிட்டதில்லை. விரதக்காரி, தலைமுடி விரிந்து கிடக்கிறது, எனக்கு வேணும் எனக்கு வேணும் என்கிறாள். வேறென்ன நினைப்பார்கள்? பேராச்சிதான் முதலில் குலவை போட்டாள். அவ்வளவு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஆத்தா வந்துட்டா!" என்று வேல்ராஜ் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அலறினார். "நிப்பாட்டாதீங்கலே! சாமி நிக்கும்போது எவம்லே மேளத்த நிப்பாட்டுனது? ஆத்தா கேட்டத வாசிங்க! மொதல்லேருந்து வாசிங்கலே!"

யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் கொட்டினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். குளிர்ந்த தண்ணீர் முதுகில் இறங்கியபோதுதான் என்ன நடக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ சித்தப்பா, சாமியுமில்ல ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மேடையிலிருந்து அந்த ஒற்றைச் சுரம் கிளம்பியது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். சாமி நிற்கிறவரை வாத்தியத்தை நிறுத்தக் கூடாது; கொடை பார்த்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவள் இப்படியே நின்றால் அவன் வாசித்துத்தான் ஆக வேண்டும். கிருஷ்ணா கையைக் காட்ட முடியாது, கம்பெனிக்காரன் கத்திரியை நீட்ட முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அம்மா தாயே, கோவிச்சுக்காதே, கொஞ்ச நேரம் உன் பேரைக் கடன் வாங்கிக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கேட்டாள்.

சுரம் ஏறியது, தயங்கியது, இறங்கியது. இந்தத் தடவை அவன் அவசரப்படவே இல்லை. எத்தனை தரம் ஏற முடியாமல் திரும்பி வந்ததோ தெரியாது. ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி திரும்பியது, வெட்கப்பட்டு ஒரு தரம், சலித்து ஒரு தரம். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். கடைசியில் அது ஏறி நின்றபோது மேளக்காரர் ஒருவர் தன்னை மறந்து "ஆஹா!" என்றார். பிறகு சண்டை. ஐயோ, என்ன சண்டை! இத்தனை வருஷம் அவன் விழுங்கிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வெளியே வந்து விழுந்தது, ஒன்றோடொன்று இடிக்காமல், ஒன்றுகூட மழுங்காமல். அது அடங்கியதும், ஆரம்பித்த அதே மெட்டைக் கீழ்க் கம்பிகளில் மெதுவாக வாசித்து, சரி போ என்று விட்டான். மாரிசெல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தா மலையேறிட்டா!" என்றார் வேல்ராஜ்.

அதற்கப்புறம்தான் நிஜமான அநியாயம் நடந்தது. சந்து முழுக்க அவள் காலில் விழுந்தது. ஒருத்தி மகனுக்கு வேலை கிடைக்குமா என்று குறி கேட்டாள், ஒருத்தி மருமகள் குணம் மாறுமா என்று கேட்டாள். "ஆத்தா சக்தியப் பாரு, அந்த கிட்டாரே ஏங்கி ஏங்கி அழுதுச்சே!" என்று பேராச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிட்டார் அழுததாம்! தானாகவே அழுததாம்! வாசித்தவன் மேடை ஓரத்தில் தனியாகக் குத்தவைத்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் ஒரு நாதி போகவில்லை. மாரிசெல்விக்கு விழுந்து கும்பிடுகிற முதுகுகளின் மேலேயே ஏறி மிதிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பந்தல் பிரிக்கும்போது கிருஷ்ணா ஓட்டமும் நடையுமாக வந்தான். வேல்ராஜும் கமிட்டிக்காரர்களும் கோயில் முன்னால் நின்றார்கள். மாரிசெல்வி பானை கழுவிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரன் மூங்கில் அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஸோலோ முழுக்க இருக்கப்போறது!" என்றான் கிருஷ்ணா, மூச்சு வாங்க. "ஒரு செகண்ட்கூட வெட்டலை. நேத்து எடுத்த வீடியோவப் பாத்துட்டு கம்பெனிக்காரன் துள்றான்." போனை நீட்டினான். அதில் மாரிசெல்வி. தலைவிரி கோலமாக, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணை மூடி நின்றாள். சோலோ முழுக்க அவள் முகம்தான். வாசித்தவனின் விரல்கூட ஒரு தரம் தெரியவில்லை.

"இதோட சேர்த்துதான் வெளியிடுவா. நீங்க ரெண்டு வார்த்தை கேமராவுக்குச் சொன்னாப் போறும். தேவி வந்தா, அவளேதான் வாசிக்கச் சொன்னான்னு."

"எனக்குச் சாமி வரல" என்றாள் மாரிசெல்வி.

"ஏட்டி!" வேல்ராஜ் பதறினார். "வெளாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாத. ஊரே பாத்திருக்கு."

"கோவம் வந்துச்சு சித்தப்பா. எனக்கு வந்தது வெறும் கோவம்."

"ஆத்தா நம்மளச் சோதிக்கா" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

கிருஷ்ணா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தான். "மாரி, ப்ளீஸ். இந்த வீடியோ இல்லேன்னா ஸோலோவும் இல்லை. பழையபடி வெட்டிடுவா. நீங்கதானே முழுசா வேணும்னு சண்டை போட்டேள்? இப்ப முழுசா கிடைக்கறது. சும்மா இருந்தாப் போறுமே."

மாரிசெல்வி கையில் இருந்த பானையைக் கீழே வைத்தாள். சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கெஞ்சுகிற இடம் இருக்கும். விடுகிற இடம் இருக்கும். உலகம் முழுக்கக் கேட்பார்கள். எதற்காகக் கரண்டியை வீசினாளோ அது கையெட்டும் தூரத்தில் இருந்தது. நேற்று கொஞ்ச நேரம் கடன் வாங்கிய பேரை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே? புருஷனுக்காக அதைச் செய்யமாட்டாளா? "சரி" என்று சொல்ல அவள் வாய் பாதி திறந்துவிட்டது.

"வேண்டாம்."

எல்லாரும் திரும்பினார்கள். மாரீஸ்வரன் கையில் மூங்கிலோடு நின்றான்.

"அவளுக்குச் சாமி வரல" என்றான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அவளுக்கு எம் வாசிப்பு புடிக்கும். அத வெட்டுனதப் பொறுக்க முடியாமக் கத்துனா. எங்க நான் தயங்குவேன், எங்க மூச்சு விடுவேன், எல்லாம் அவளுக்குத் தெரியும். இருவது வருசமா வாசிக்கேன் கிருஷ்ணா. நீ வேகமா இருக்குன்னு சொல்லுவ. இவங்க சத்தமா இருக்குன்னு சொல்லுவாங்க. கேட்டவ இவ ஒருத்திதான்." மூங்கிலைக் கீழே போட்டான். "அவளையும் சாமின்னு சொல்லி நீங்க தூக்கிட்டுப் போயிட்டா, நான் வாசிக்கறதக் கேக்க எனக்குன்னு யாரு இருக்கா?"

வேல்ராஜ் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"அப்ப ஸோலோ போயிடும்டா" என்றான் கிருஷ்ணா.

"போட்டும். எம் பேரையும் எடுத்துரு."

கிருஷ்ணா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தான். அவன் தலை மறைகிறவரை மாரிசெல்வி அசையவில்லை. மறைந்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள், முகமெல்லாம் சிவந்து.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று கத்தினாள். "மாசக்கணக்கா கட்டுனதத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கீயளே! நான் மாட்டுங்காவுக்கு அலைஞ்சது, தலையில தண்ணி ஊத்திக்கிட்டது, எல்லாம் எதுக்கு? இந்த வார்த்தைய என்னைக்காவது எங்கிட்ட சொல்லியிருக்கீயளா நீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வீட்டுல வச்சுச் சொல்லியிருந்தா நான் ஏன் ஊருக்கு முன்னால போயி இந்தக் கத்து கத்துதேன்!"

அழுதுகொண்டே கத்தினாள், கத்திக்கொண்டே அழுதாள். பந்தல் பிரிக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாரீஸ்வரன் அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, அவள் திட்டி முடிக்கிறவரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.